டெலிவரி தாளில் கையெழுத்துப் போடும் முன் பெட்டியைத் திறந்து பாருங்கள்

லிமிடெட் எடிஷன் பைக் புக் செய்திருப்பவர்களுக்கு இந்த எச்சரிக்கை. வண்டியோடு கம்பெனி அனுப்பும் நினைவுப் பெட்டி (சான்றிதழ், புத்தகம் மாதிரியானவை இருக்கும்) கைக்கு வராமல் டெலிவரியை ஏற்காதீர்கள்.

இத்தனைதான் என்று அளவாகச் செய்து, ஒவ்வொன்றுக்கும் வரிசை எண் போட்டு விற்கும் வண்டிகளில் அந்தப் பெட்டிக்கும் சேர்த்துத்தான் பணம் கட்டுகிறோம். டுகாட்டி சூப்பர்லெஜ்ஜெரா வி4 மொத்தமே 500 வண்டிகள். ஒவ்வொன்றுக்கும் தனிச் சான்றிதழ் உண்டு. டிரையம்ப் 2019இல் கொண்டுவந்த த்ரக்ஸ்டன் டிஎஃப்சி வண்டியோடு, அதற்கென்றே தயாரித்த ஒரு புத்தகமும் கொடுத்தார்கள்.

நான் வாங்கியது வேறு கம்பெனி வண்டி. பெட்டி பின்னால் வருகிறது என்றார் டீலர். பதிவுக்கான தாள்களோடு டெலிவரி தாளையும் சேர்த்து வைத்து முன்கூட்டியே கையெழுத்து வாங்கிவிட்டார்கள். 'எல்லாப் பொருட்களும் பெற்றுக்கொண்டேன்' என்ற வரி அதில் ஏற்கெனவே அச்சாகி இருந்தது.

மாதக்கணக்கில் இழுத்தடித்து, கடைசியில் ஒரு உறையை நீட்டினார்கள். பெட்டி இல்லை, புத்தகம் இல்லை, சான்றிதழ் மட்டும். அதே மாடல் வைத்திருக்கும் நண்பரின் சான்றிதழோடு வைத்துப் பார்த்தேன். அவருடையதில் முத்திரை விரலில் தட்டுப்படுகிறது. என்னுடையதில் வழவழவென்று தட்டையாக இருக்கிறது. கையெழுத்தைக் கிட்டத்தில் பார்த்தால் மை இல்லை, பொடிப்பொடியாக அச்சுப் புள்ளிகள். வரிசை எண் என்னுடையதுதான், ஆனால் அந்த எண்ணின் அச்சு மட்டும் மற்ற எழுத்துகளைவிடக் கொஞ்சம் தடிமன். கீழே உள்ள சேஸிஸ் எண் என் வண்டியுடையதே இல்லை! யாருடைய சான்றிதழையோ ஸ்கேன் செய்து, ஒரு எண்ணை மாற்றி, இன்னொன்றை மாற்ற மறந்திருக்கிறார்கள்.

மேனேஜரிடம் கேட்டதற்கு, "வண்டி நல்லா ஓடுதுல்ல சார், பேப்பர்தானே?" என்றார். வயிறு எரிந்தது. நாளைக்கு விற்கப் போனால் வாங்குபவர் முதலில் கேட்பது அந்தப் பேப்பரைத்தான். கம்பெனிக்கு எழுதினேன். பெட்டியை டீலருக்கு அனுப்பிவிட்டோம், ஒரு எண்ணுக்கு ஒரு சான்றிதழ்தான், மறுபடி தர முடியாது, நீங்கள் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து இருக்கிறது என்று பதில் வந்தது.

ஆகவே, தாள்கள் எத்தனை இருந்தாலும் டெலிவரி தாளைத் தனியே எடுத்துவைக்கச் சொல்லுங்கள். பெட்டியை அங்கேயே திறந்து, சான்றிதழில் உள்ள சேஸிஸ் எண்ணை வண்டியில் பொறித்திருப்பதோடு ஒவ்வொரு எழுத்தாக ஒத்துப் பாருங்கள். பெரும்பாலும் எழுத்தும் எண்ணுமாகச் சேர்த்து 17 இருக்கும். சாவியோடு வரும் குறியீட்டுத் தகட்டையும் கேட்டு வாங்குங்கள், சாவி தொலைந்தால் அதுதான் உதவும். ஏதாவது குறைந்தால் 'பெட்டி பெறவில்லை' என்று கையால் எழுதிவிட்டு அப்புறம் கையெழுத்துப் போடுங்கள், அந்தத் தாளைப் போனில் படமும் எடுத்துக்கொள்ளுங்கள்.

வண்டி இல்லாமல் சான்றிதழும் பெட்டியும் மட்டும் விலைக்கு வந்தால் வாங்காதீர்கள். அது என்னைப் போல யாரோ ஒருவருக்கு வந்து சேராத பெட்டியாக இருக்கலாம்.