காப்புரிமை மீறலுக்கு வழக்கா, உரிம ஒப்பந்தமா?

விசைத்தறிக்கான சிறு கருவி ஒன்றுக்கு நான் பெற்றிருந்த காப்புரிமையை வேறொரு பட்டறை மீறியபோது, வழக்குத் தொடுப்பதா, அவர்களுக்கே உரிமம் வழங்கி, விற்பனைக்கேற்ப ராயல்டி (பயன்பாட்டுக் கட்டணம்) பெறுவதா என்று முடிவெடுக்க வேண்டியிருந்தது. நான் உரிமத்தைத் தேர்ந்தேன் என்பதால், இந்த அலசலும் அந்தப் பக்கமே சாய்ந்திருக்கும்.

வழக்குக்குச் செலவும் காலமும் அதிகம் என்பதை விளக்கத் தேவையில்லை. அதன் பலமும் தெரிந்ததே: 1970-ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டத்தின் 108-ஆம் பிரிவு தடையாணைக்கும், நஷ்டஈடு அல்லது எதிராளி ஈட்டிய லாபம் ஆகிய இரண்டில் ஒன்றுக்கும் வழி செய்கிறது. உரிமம் கொடுத்தால் போட்டியாளர் சந்தையில் நீடிப்பார். தனியாக விற்க விரும்புபவருக்கு அது குறைதான்.

என் முடிவைத் தீர்மானித்தது, வழக்குத் தொடுத்ததும் காப்புரிமையே விசாரணைக்குள்ளாகும் என்பதுதான். 64-ஆம் பிரிவில் ரத்துக்குச் சொல்லப்பட்ட காரணங்கள் அனைத்தையும் எதிராளி 107-ஆம் பிரிவின் கீழ்த் தற்காப்பு வாதமாக வைக்கலாம். ரத்து கோரி எதிர்வழக்கும் போடலாம், அப்போது 104-ஆம் பிரிவின்படி மாவட்ட நீதிமன்றத்திலுள்ள வழக்கு உயர் நீதிமன்றத்துக்கு மாறிவிடும். காப்புரிமை அலுவலகம் ஆய்ந்து வழங்கிய சான்றிதழ் கையில் இருக்கிறதே என்று வாதிட முடியாது, ஏனெனில் அந்த ஆய்வு செல்லுபடிக்கு உத்தரவாதம் ஆகாது என்று 13-ஆம் பிரிவே கூறிவிடுகிறது. (சான்றிதழைச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டும் பலருக்கு இது தெரிவதில்லை.)

பாத்திரங்களைக் கடைசல் இயந்திரத்தில் பிடித்துவைக்கும் முறைக்கு 1951-இல் பதிவான காப்புரிமை ஒன்று இப்படித்தான் போனது. உரிமையாளர்களே தொடுத்த வழக்கில், அதில் கண்டுபிடிப்பு என்று சொல்லத்தக்க புதுமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் 1978-இல் தீர்ப்பளித்தது. என்னுடையதும் பழைய அமைப்பொன்றின் மீது செய்த மேம்பாடு என்பதால், அந்தத் தீர்ப்பு என்னை வெகுவாகத் தயங்க வைத்தது.

தடையாணையும் நிலையானதல்ல. இரட்டைத் தீப்பொறி இன்ஜின் தொடர்பாக பஜாஜ் நிறுவனத்துக்குச் சாதகமாகச் சென்னை உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி 2008-இல் வழங்கிய தடையை, டிவிஎஸ் செய்த மேல்முறையீட்டில் டிவிஷன் பெஞ்ச் (இரு நீதிபதிகள் அமர்வு) 2009-இல் நீக்கியது. அதே ஆண்டு உச்ச நீதிமன்றம், டிவிஎஸ் கணக்கு வைத்துக்கொண்டு விற்பனையைத் தொடரலாம் என்றும், மூல வழக்கை விரைந்து முடிக்க வேண்டும் என்றும் உத்தரவிட்டது. இரு நிறுவனங்களும் 2019-இல் சமரசம் செய்துகொண்டன.

உரிமத்தால் இந்த ஆபத்து முழுவதும் நீங்கிவிடாது. உரிமம் பெற்றவர் காப்புரிமையின் செல்லுபடியை எதிர்க்கக் கூடாது என்ற நிபந்தனையை 140-ஆம் பிரிவு அனுமதிப்பதில்லை. ஆயினும் கருவியை விற்று லாபம் பார்ப்பவருக்கு, ரத்து கோரிச் செலவழிக்கும் முனைப்பு குறைந்துவிடும், அவ்வளவுதான். விற்பனை எண்ணிக்கையைச் சரிபார்ப்பது உரிமத்திலுள்ள ஓயாத தலைவலி. அதனால் எங்கள் ஒப்பந்தத்தில் ஆண்டுதோறும் தர வேண்டிய குறைந்தபட்சத் தொகை ஒன்றை வைத்தோம். ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும் என்பது 68-ஆம் பிரிவின் கட்டாயம்.

கடிதத்துக்குப் பதிலே தராத பெரிய நிறுவனத்துடனோ, மருந்துத் துறையிலோ எனக்கு அனுபவமில்லை. அங்கே வழக்குத்தான் பொருத்தமோ என்னவோ. பேச்சைத் தொடங்குவோர், முதல் கடிதத்தில் காப்புரிமை இருப்பதைத் தெரிவிப்பதோடு நிறுத்துவது நல்லது, ஏனெனில் ஆதாரமற்ற மிரட்டலுக்கு எதிராக 106-ஆம் பிரிவின் கீழ்க் கடிதம் பெற்றவர்களே வழக்குப் போடலாம். பேச்சை இழுத்துக்கொண்டே போகவும் கூடாது: மீறல் நடந்து 3 ஆண்டுகள் கடந்துவிட்டால், அதற்கான நஷ்டஈட்டைக் காலவரம்புச் சட்டம் தடுத்துவிடும்.