உடுக்கைப் பாட்டை சிடி ஆக்கும்போது: தனித்தனி ஃபைலா, ரைட் செய்த சிடியா, டிடிபியா (DDP)?

காங்கேயத்துக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்துச் சாளையில் இரண்டு ராத்திரி உட்கார்ந்து, பொன்னர் சங்கர் கதையான அண்ணன்மார் கதைப் பாட்டை ஒலிப்பதிவு செய்தோம். ஒரு உடுக்கை, பாட்டுக்காரர் ஒருவர், பின்பாட்டுக்கு ஒருவர், அவ்வளவுதான். அதிலிருந்து 68 நிமிடங்களை எடுத்து, 11 டிராக்காகப் பிரித்து, 500 சிடி போடக் கொடுத்தோம். பெட்டி வந்து இறங்கிய அன்றே, பாட்டுக்காரப் பெரியவருடைய பேரன் காரில் போட்டுக் கேட்டோம். மூன்றாவது டிராக் முடிந்து நான்காவது தொடங்கும் இடம். அண்ணன்மாரைப் பெறப்போகும் தாமரை பிள்ளை வரம் கேட்டுத் தவசுக்குப் போகிறாள். உடுக்கை அடி பாதியில் அறுந்தது. இரண்டு விநாடி ஒன்றுமே இல்லை. அப்புறம் மீதி அடி வந்தது.

"ஏங் கண்ணு, நான் நிறுத்தவே இல்லீங்களே, இது எப்படி நின்னுபோயி மறுக்கா வருது?" என்று கேட்டார் பெரியவர்.

பத்து இணைப்பிலும் அதே கதி. ஒலிப்பதிவில் குறை இல்லை. சிடி தயாரித்தவர்கள் மேலும் முழுப் பழியைப் போட முடியாது. நான் அனுப்பிய விதத்தில்தான் கோளாறு. ஒரு பாட்டை சிடி அச்சடிக்கும் ஆலைக்கு எப்படிக் கொடுப்பது என்பதில் மூன்று வழிகள் உண்டு. மூன்றையும் செய்து பார்த்துவிட்டதால், கோயமுத்தூர், ஈரோடு, பொள்ளாச்சிப் பக்கம் வள்ளி கும்மி, ஒயிலாட்டம், உடுக்கைப் பாட்டு என்று பதிவு செய்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

பென் டிரைவ் காலத்தில் சிடி எதற்கு என்று கேட்பவர்களுக்கு என் பதில் ஒன்றுதான். எழுபது வயதுக் கலைஞர் ஒருவர் தன் பாட்டைக் கையில் வாங்கி, அட்டையில் தன் படத்தைப் பார்த்து, சம்பந்தி வீட்டுக்கு ஒன்று எடுத்துக்கொண்டு போக முடிகிறது. நூலகத்தில் அடுக்கி வைக்க முடிகிறது. எனக்கு அது போதும்.

முதலில் சிடியின் கணக்கைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது. ஃபிலிப்ஸும் சோனியும் 1980இல் வகுத்த ரெட் புக் விதிப்படி ஆடியோ சிடி என்றால் ஒரு விநாடிக்கு 44,100 மாதிரிகள் (ஒலியை அளந்து எடுக்கும் சாம்பிள்கள்), 16 பிட், இரண்டு சேனல். 74 நிமிடம் வழக்கமான அளவு, 80 வரை போகலாம். அதிகபட்சம் 99 டிராக். ஒரு விநாடி 75 ஃப்ரேம்களாகப் பிரிகிறது, ஒரு ஃப்ரேமில் 588 மாதிரிகள். டிராக் எங்கே தொடங்கினாலும் ஒரு ஃப்ரேமின் எல்லையில்தான் தொடங்க முடியும். இந்த 588 என்ற எண்ணையும், ஆலைக்குக் கொடுக்கும் விதத்தையும் முன்பே தெரிந்து வைத்திருந்தால் எனக்கு 500 சிடி மிஞ்சியிருக்கும்.

தனித்தனி வேவ் ஃபைல்கள்

வேவ் என்றால் சுருக்காத ஒலி ஃபைல். எல்லோரும் முதலில் செய்வது இதைத்தான். 11 ஃபைல், பெயருக்கு முன்னால் 01, 02 என்று எண், கூடவே ஒரு பட்டியல், கூகுள் டிரைவில் ஏற்றி லிங்க் அனுப்பிவிடலாம். தனித்தனிப் பாட்டுகள் உள்ள பக்திப் பாடல் சிடிக்கு இதில் பெரிய குறை இல்லை. ஒரு பாட்டு முடிகிறது, அமைதி, அடுத்தது தொடங்குகிறது. சிவன்மலை முருகன் மேல் எட்டுப் பாட்டு என்றால் தாராளமாக இப்படிக் கொடுங்கள். பாட்டுகளுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி என்பதை மட்டும் பட்டியலில் எழுதுங்கள்.

இடைவிடாமல் ஓடும் பாட்டுக்கு இது ஆகவே ஆகாது. வரிசைப்படுத்தும் வேலையை ஆலையில் யாரோ ஒருவர் தன் மென்பொருளில் செய்கிறார். அதில் டிராக்குகளுக்கு நடுவே இரண்டு விநாடி என்பது வழக்கமான அமைப்பு. அதை எடுத்துவிடச் சொல்லி எழுதினாலும் இன்னொரு சிக்கல் இருக்கிறது. உங்கள் ஃபைலின் நீளம் 588ஆல் மீதியில்லாமல் வகுபடாவிட்டால், கடைசி ஃப்ரேமை நிரப்ப வெறும் மௌனத்தைச் சேர்ப்பார்கள். அது அதிகபட்சம் சுமார் 13 மில்லி விநாடிதான் இருக்கும். ஆனால் உடுக்கை ஒலித்துக்கொண்டிருக்கும்போது அந்த இடத்தில் 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்கும். ஹெட்போனில் கேட்டால் கண்டிப்பாகத் தெரியும்.

ரைட் செய்த சிடி

வீட்டிலோ ஸ்டூடியோவிலோ ஒரு காலி சிடியில் எழுதி, அதையே மாஸ்டராக, அதாவது அச்சடிப்புக்கான மூலப் பிரதியாகக் கொடுப்பது. இந்த வழியை நான் மட்டமாகச் சொல்ல மாட்டேன். இதற்கு ஒரு பெரிய நன்மை உண்டு: அனுப்பப்போவதை அப்படியே கேட்கலாம். பெரியவர் வீட்டுப் பிளேயரில் போட்டு, இது சரி, இது சரியில்லை என்று அவர் வாயாலேயே சொல்ல வைக்கலாம். ஒரே மூச்சில் எழுதும் டிஸ்க்-அட்-ஒன்ஸ் முறையில் எழுதினால் இடைவெளியும் வராது. டிராக்-அட்-ஒன்ஸ் முறையில் எழுதினால் ஒவ்வொரு டிராக்குக்கும் லேசர் நின்று நின்று எழுதும். அதை மாஸ்டராகக் கொடுக்கவே கூடாது.

ஆனால் ஆபத்து கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது. கம்ப்யூட்டர் ஃபைல்கள் உள்ள டேட்டா சிடியில் ஒரு செக்டருக்கு (ஒரு ஃப்ரேம் அளவுத் துண்டுக்கு) 2,352 பைட் இருந்தாலும் 2,048 மட்டுமே நம் சரக்கு. மீதி பெரும்பாலும் பிழையைக் கண்டுபிடித்துத் திருத்துவதற்கு. ஆடியோ சிடியில் 2,352 பைட்டும் பாட்டுக்கே போய்விடுகிறது. அடிப்படைத் திருத்தம் இருக்கிறது, அந்தக் கூடுதல் காவல் இல்லை. திருத்த முடியாத பிழை வந்தால் பிளேயர் முன்னும் பின்னும் உள்ள மாதிரிகளைப் பார்த்து நடுவில் ஒன்றை ஊகித்துப் போட்டுவிடும். யாருக்கும் எச்சரிக்கை வராது. ஒரு விரல் ரேகை, ஒரு கீறல், வெயிலில் கிடந்த ஆம்னி பஸ் பார்சல், ஏதாவது ஒன்று போதும். ஆலை அந்த ஊகத்தையும் சேர்த்து ஆயிரம் தட்டில் அச்சடிக்கும். ஆலைகளில் பிழையை அளக்கிறார்கள், விநாடிக்கு 220க்கு மேல் போனால் ரெட் புக் ஒத்துக்கொள்ளாது. அந்தக் கணக்குக்குள்ளேயே இருந்துகொண்டு உங்கள் பாட்டில் ஒரு அடி மங்கிப் போவதற்கும் வாய்ப்பு இருக்கிறது.

அவசரத்துக்கு இந்த வழியில் போகிறவர்கள் தரமான சிடி வாங்குங்கள், மேலே ஸ்டிக்கர் ஒட்டாதீர்கள், மார்க்கரால் நடு வளையத்தில் மட்டும் எழுதுங்கள், இரண்டு பிரதி அனுப்புங்கள்.

டிடிபி

டிஸ்க் டிஸ்கிரிப்ஷன் புரோட்டோகால் (DDP) என்பதன் சுருக்கம், அச்சுக்கோக்கும் டிடிபி வேறு. தட்டு என்று எதுவும் கிடையாது. ஒரு ஃபோல்டருக்குள் சில ஃபைல்கள், அவ்வளவுதான். அதில் ஒன்று பெரியது, 68 நிமிடப் பாட்டும் ஒரே துண்டாக, 700 எம்பிக்குக் கொஞ்சம் மேலே. மற்றவை சின்னச் சின்ன ஃபைல்கள். எந்த ஃப்ரேமில் எந்த டிராக் தொடங்குகிறது, பாட்டின் அடையாளமான ஐஎஸ்ஆர்சி எண் என்ன, பார்கோடு எண் என்ன என்று வரிசையாக எழுதியிருக்கும். பாட்டை யாரும் வெட்டுவதே இல்லை. ஒரு நீளக் கயிற்றில் இங்கே ஒரு முடிச்சு, அங்கே ஒரு முடிச்சு என்று அடையாளம் வைப்பது போலத்தான். நாலாவது டிராக்குக்கு நேராகத் தாவலாம், விட்டுவிட்டால் உடுக்கை நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும்.

கூடவே எம்டி5 என்ற சரிபார்ப்பு எண் ஒன்று வரும். ஃபைலில் ஒரு பிட் மாறினாலும் அந்த எண் மாறிவிடும். ஆலையில் இறக்கியதும் சரிபார்ப்பார்கள், பொருந்தாவிட்டால் மறுபடி அனுப்பச் சொல்வார்கள். ரைட் செய்த சிடியில் சத்தமில்லாமல் நடக்கிற தப்பு இங்கே உடனே காட்டிக்கொடுத்துவிடும். நான் இதன் பக்கம் நிற்பதற்கு முதல் காரணம் இதுதான்.

செய்வதும் பெரிய வித்தை இல்லை. கோவையில் மாஸ்டரிங் செய்கிற ஸ்டூடியோவில் டிடிபி வேண்டும் என்று சொன்னாலே புரிந்துகொள்வார்கள். ரீப்பர் என்ற ஒலித்தொகுப்பு மென்பொருள் வைத்திருப்பவர்கள் தாங்களே செய்யலாம். அதில் பாட்டின் மேல் வைக்கும் அடையாளத்துக்கு மார்க்கர் என்று பெயர். மார்க்கர் பெயருக்கு முன்னால் ஹாஷ் குறி (#) போட்டால் அது டிராக் தொடக்கமாக மாறும். மார்க்கரை எங்கே வைப்பது என்பதில்தான் காது வேலை செய்ய வேண்டும். உடுக்கை அடி விழுகிற நொடியில் வைக்காதீர்கள். அதற்குச் சற்று முன்னால், பாட்டுக்காரர் மூச்சை இழுக்கிறார் பாருங்கள், அந்த மூச்சுக்கும் முன்னால் வையுங்கள். அப்போதுதான் அந்த டிராக்கை மட்டும் தனியாகப் போட்டுக் கேட்கிறவருக்கும் முழு அடி கிடைக்கும்.

இதன் குறை என்னவென்றால், கிளிக் செய்து கேட்க முடியாது. டிடிபி பிளேயர் என்று தனி மென்பொருள் வேண்டும். அது இல்லாமல் நம்பி அனுப்பினால் பழைய கதைதான். நான் முதலில் பத்து இணைப்புகளையும் முன்னே பத்து விநாடி, பின்னே பத்து விநாடி ஹெட்போனில் கேட்டேன். அடுத்த நாள் 68 நிமிடமும் எழாமல் கேட்டேன். பிறகு அந்த டிடிபியிலிருந்தே ஒரு சிடி எழுதிப் பெரியவரிடம் கொடுத்தேன். ரைட் செய்த சிடிக்கு இதுதான் சரியான இடம். ஒப்புதல் வாங்குவதற்கு அது, ஆலைக்கு டிடிபி.

இன்னொன்று. வீடியோக்காரர்கள் பதிவு செய்து கொடுத்தால் பெரும்பாலும் 48,000 மாதிரி, 24 பிட்டில் இருக்கும். அதை முறையாக மாற்றாமல் 44,100 என்று பெயர் மட்டும் மாற்றி ஏற்றினால் வேகம் குறைந்து, முக்கால் கட்டை சுருதி இறங்கிவிடும். கடைசி வரை 24 பிட்டிலேயே வேலை செய்து, முடிவில் ஒரே ஒரு முறை மாற்றுங்கள். எம்பி3யிலிருந்து மாற்றிய வேவ் எந்த வழியில் போனாலும் எம்பி3தான், போன சத்தம் திரும்பாது.

சத்தமாகவா, உள்ளபடியா

மைக் செட்காரர்கள் சத்தமாக இருக்கும் சிடியைத்தான் கேட்பார்கள். கோயில் நோம்பிக்குக் கோன் ஸ்பீக்கரில் போடுவதென்றால் அவர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. நானும் ஒரு பதிப்பை அழுத்திச் சத்தமேற்றிப் பார்த்தேன். அண்ணன்மாரின் தங்கை தங்காள் அழுகிற இடத்தில் பெரியவர் குரலைத் தாழ்த்துகிறார். அதுவும் போர் நடக்கும் படுகளத்துச் சத்தமும் ஒரே அளவில் வந்து நின்றன. அந்த அமைதியில் கட்டுத்தரையில் நின்ற மாட்டின் கழுத்து மணி, உள்ளபடி கேட்டால் எங்கோ தூரத்தில் ஒரு சிணுங்கல். சத்தமேற்றியதில் அது பாட்டுக்கு முன்னால் வந்து நின்றது. அந்தப் பதிப்பைத் தூக்கிப் போட்டேன். உச்சம் மைனஸ் ஒரு டெசிபலைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டு, மற்றதை உள்ளபடி விட்டேன். சத்தம் வேண்டுமானால் மைக் செட்காரர் கையில் குமிழ் இருக்கிறது.

நூறா, ஆயிரமா

நூறு இருநூறு போதும் என்றால் காலி சிடியில் எழுதி மேலே பிரிண்ட் போட்டுத் தருவார்கள். 500, 1,000 என்று போனால் அச்சடிப்பு. கண்ணாடித் தட்டில் லேசரால் எழுதி, அதிலிருந்து நிக்கல் அச்சு எடுத்து, பாலிகார்பனேட்டில் பதித்து, அலுமினியம் பூசி, மேலே அரக்குப் பூச்சு. எழுதிய சிடியில் பாட்டு சாயப் படலத்தில் இருக்கிறது, வெயில் அதைக் கெடுக்கும். அச்சடித்ததில் பள்ளம் பள்ளமாகப் பிளாஸ்டிக்கிலேயே இருக்கிறது. கரூர் பரமத்தி வெயிலில் கார் டேஷ்போர்டில் கிடக்கப்போகும் சிடி என்றால், வசதி இருக்கும் பட்சத்தில் அச்சடித்ததையே வாங்குங்கள். கண்ணாடி மாஸ்டருக்கு ஒரு முறை செலவு, அதனால்தான் எண்ணிக்கை கூடக் கூட ஒன்றின் விலை இறங்குகிறது.

ஒரே தட்டில் நூறு பாட்டு ஏற்றும் எம்பி3 சிடியும் உண்டு. பழைய பிளேயரில் பாடாது. கலைஞரின் பெயரில் வெளியிடுவதற்கு அதை நான் யோசிக்கவே மாட்டேன்.

அட்டைக்கு மூன்று விஷயம் போதும். 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி), அச்சுக்கான சிஎம்ஒய்கே நிறம், வெட்டுவதற்காகச் சுற்றிலும் 3 மில்லிமீட்டர் கூடுதல். தமிழ் எழுத்துகளை அவுட்லைனாக (எழுத்துரு தேவைப்படாத கோட்டு வடிவமாக) மாற்றி அனுப்புங்கள். நம் எழுத்துரு அங்கே இல்லாவிட்டால் 'பொன்னர்' என்பதில் புள்ளி போய், கொம்பு இடம் மாறி, நிற்கும். பிளேயர் திரையில் பாட்டின் பெயரைக் காட்டும் சிடி டெக்ஸ்டில் தமிழ் எழுத்து வராது, ஆங்கில எழுத்தில்தான் தர வேண்டும். ஐஎஸ்ஆர்சி எண் 12 இலக்க எழுத்துகள் கொண்டது, இந்தியாவில் இந்தியன் மியூசிக் இண்டஸ்ட்ரி அமைப்பு மூலம் வாங்கலாம். டிடிபி செய்வதற்கு முன்பே வாங்கி வையுங்கள், பிறகு சேர்த்தால் புது டிடிபி, புது எம்டி5, மறுபடி முழுக்கக் கேட்க வேண்டும்.

1965இல் கனடாவைச் சேர்ந்த மானிடவியல் ஆய்வாளர் ஒருவர் இதே காங்கேயம் பக்கம் ஓலப்பாளையத்தில் இந்தக் கதையை ராத்திரி ராத்திரியாக டேப்பில் பதிவு செய்தார். அத்தனையும் டேப்பில் இருந்ததால்தான் இன்று கேட்க முடிகிறது. நாங்களும் இரண்டு ராத்திரிப் பதிவை 24 பிட்டில் இரண்டு ஹார்ட் டிஸ்க்கில், இரண்டு வேறு வீட்டில் வைத்திருக்கிறோம்.

முதல் 500ஐ விற்க மனசு வரவில்லை. இரண்டாம் முறை டிடிபி கொடுத்து அதே எண்ணிக்கை போட்டோம். பெட்டியைப் பிரித்ததும் பெரியவர் மூன்றாவது டிராக்கைப் போடச் சொன்னார். கடைசி அரை நிமிடம் வரை ஓட்டிவிட்டு, பேரனிடம் கையைக் காட்டி நிறுத்தச் சொல்லி, மறுபடி போடச் சொன்னார். எண் மூன்றிலிருந்து நான்குக்கு மாறியது. தாமரை நடந்துகொண்டே இருந்தாள்.