‘அதிவேக’ கல்ச்சர்: ஒரு ராத்திரி எப்படியும் ஆகும்

அத்தைக்குச் சர்க்கரை உண்டு. சிறுநீர் எரிச்சல் வந்தால், போன தடவை மிச்சமான செஃபிக்சிம் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரையை எடுத்துப் போட்டுக்கொள்வார். இந்த முறை இரண்டு வேளை போட்டும் அடங்கவில்லை. சிறுநீரில் இருக்கும் கிருமியை வளர்த்து, எந்த மருந்து கேட்கும் என்று பார்க்கும் கல்ச்சர் டெஸ்டை டாக்டர் எழுதிக் கொடுக்க, திங்கள் காலை பாபநாசத்தில் பஸ் ஏறிக் கும்பகோணத்தில் ஒரு லேபுக்குப் போனோம். வாசலில் ‘அதிவேக கல்ச்சர்’ என்று பலகை. கவுண்டரில் இருந்த பெண் “இன்னைக்கே வந்துடும்” என்றார்.

வராது. சிறுநீரைத் தட்டில் தடவினால் கிருமி வளர ஒரு ராத்திரியாவது வேண்டும். அதை எந்த மெஷினாலும் அவசரப்படுத்த முடியாது. நேரம் மிச்சமாவது அடுத்த நாள் வேலையில்தான். வளர்ந்த கிருமியைக் கரைத்து, சீட்டுக்கட்டுச் சீட்டு அளவில் ஒரு பிளாஸ்டிக் அட்டைக்குள் ஏற்றுகிறார்கள். அதில் 64 குட்டிக் குழிகள்; பல குழிகளில் ஏதாவது ஒரு மருந்து, வேறு வேறு அளவில். எதில் கிருமி வளர்கிறது, எதில் அடங்குகிறது என்று மெஷினே பார்த்துச் சொல்லிவிடும். பழைய முறையில் இதற்கு இன்னொரு ராத்திரி போகும்.

இதையெல்லாம் சொன்னது உள்ளே இருந்த டெக்னீஷியன் தம்பி. “மாத்திரை ஆரம்பிச்சாச்சா அக்கா?” என்று அவர்தான் முதலில் கேட்டார். ஆன்டிபயாடிக் போட்டபின் கொடுத்தால் கிருமி வளராமலே போகலாமாம். செஃபிக்சிம் என்று சீட்டில் எழுதிக்கொண்டார். வீட்டிலிருந்து கொண்டுபோன பாட்டிலையும் வாங்கவில்லை. எடுத்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் இருந்தால் கண்ட கிருமியும் பெருகிவிடும் என்று புது டப்பா கொடுத்து, முதலில் வருவதை விட்டுவிட்டு நடுவில் பிடிக்கச் சொன்னார். அத்தை முணுமுணுத்துக்கொண்டே போனார்.

செவ்வாய் ராத்திரி ஒன்பதரைக்கு வாட்ஸ்அப்பில் ரிப்போர்ட் வந்தது. ஈ.கோலை என்ற குடல் கிருமி; அதிலும் ஈ.எஸ்.பி.எல். வகை, அதாவது செஃபிக்சிம் போன்ற மருந்துகளை முறிக்கும் நொதியைச் சுரப்பது. செஃபிக்சிம் எதிரே ‘ஆர்’, சிப்ரோ என்ற இன்னொரு ஆன்டிபயாடிக்குக்கும் ‘ஆர்’. மெரோபெனம் ஊசி, நைட்ரோஃபியூரன்டாயின் மாத்திரை இரண்டுக்கும் ‘எஸ்’. என்ன அர்த்தம் என்று கேட்கப் போன் போட்டால் எடுக்க ஆளில்லை. இதுதான் என் பெரிய குறை. ‘ஆர்’ என்றால் அந்த மருந்து கேட்காது, ‘எஸ்’ என்றால் கேட்கும். இந்த இரண்டு வரியை ரிப்போர்ட்டின் அடியில் தமிழில் போட்டால் என்ன குறைந்துவிடும்?

மறுநாள் டாக்டர், காய்ச்சல் இல்லை, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினினும் சரியாக இருக்கிறது, ஊசி வேண்டாம் என்று நைட்ரோஃபியூரன்டாயின் எழுதினார். மெரோபெனத்துக்கு ‘எஸ்’ இருக்கிறதே என்று கேட்டேன். அது ஆஸ்பத்திரியில் படுக்கும் நிலைக்கு வைத்திருப்பது என்றார். மாத்திரையால் சிறுநீர் பழுப்பாகப் போகலாம் என்று யாரும் சொல்லவில்லை. அத்தை பயந்து என்னை எழுப்பிவிட்டார். மூன்றாம் நாள் எரிச்சல் போய்விட்டது.

ஐந்துக்கு நாலு நட்சத்திரம், நாலும் அந்தத் தம்பிக்கு. சாதா கல்ச்சரைவிடக் காசு கூடத்தான். போகிறவர்கள் காலையிலேயே போங்கள், மாத்திரைக்கு முன்னால் போங்கள். கழிவறைத் தாழ்ப்பாள் சரியில்லை, துணைக்கு ஒருவர் வெளியே நிற்க வேண்டும்.