ரசத்துக்குச் சுறாப்புட்டு, கஞ்சிக்குக் கருவாடு: எங்கள் கரையின் இரண்டு வெஞ்சனங்கள்

எங்கள் பக்கம் சோற்றுக்குத் தொட்டுக்கொள்வதற்கு வெஞ்சனம் என்று பெயர். "இன்னைக்கு என்ன வெஞ்சனம்?" என்று கேட்டால் குழம்பைப் பற்றிக் கேட்கவில்லை என்று அர்த்தம். குழம்போ ரசமோ கஞ்சியோ, பக்கத்தில் என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி. சோறு எவ்வளவு இறங்கும் என்பது அதைப் பொறுத்தது.

நான் பிறந்தது ராமநாதபுரம் மாவட்டத்துத் தேவிபட்டினம் பக்கம். வாக்கப்பட்டது ஏர்வாடிப் பக்கம். முன்னது வடகடல், பின்னது தென்கடல். வரைபடத்தில் பாக் விரிகுடா, மன்னார் வளைகுடா என்று போட்டிருக்கும். கரையில் இருப்பவர்கள் வாயில் வருவது இந்த இரண்டு பெயர்தான். அம்மா வீட்டில் வெஞ்சனம் என்றால் நெத்திலிக் கருவாட்டு வதக்கல். அயித்தை வீட்டில் விருந்தாளி வந்தாலும் சரி, வீட்டு ஆளுக்கு உடம்புக்கு முடியாமல் போனாலும் சரி, சுறாப்புட்டு. இருபது வருடமாக இரண்டையும் மாற்றி மாற்றிச் சமைக்கிறேன். எது ருசி என்று சண்டை போடுவதில் பயன் இல்லை. அன்றைக்குத் தட்டில் சோற்றோடு என்ன இருக்கிறது, கையில் எவ்வளவு நேரம் இருக்கிறது, மீன் எந்த நிலையில் கிடைத்தது என்று பார்த்தால் எதைச் செய்வது என்பது தானாகத் தெரிந்துவிடும்.

சுறாப்புட்டு

இதில் பாதி வேலை அடுப்பில் ஏற்றுவதற்கு முன்னாலேயே முடிந்துவிடுகிறது, அதாவது வாங்கும் இடத்தில். சுறா, திருக்கை வகை மீன்களின் உடம்பில் யூரியா இயல்பாகவே உண்டு. கடலின் உப்புக்கு ஈடுகொடுக்க அவற்றுக்கு அது தேவை. செத்த பிறகு பாக்டீரியா அந்த யூரியாவை அம்மோனியாவாக மாற்றிவிடுகிறது. பழைய சுறாவில் மூக்கைத் துளைக்கும் அந்த நெடி அங்கிருந்துதான் வருகிறது. மற்ற மீனை ஒரு நாள் ஐஸில் வைத்துச் சமாளிக்கலாம், சுறாவைச் சமாளிக்க முடியாது. ஒரு முறை டவுனில் அவசரத்துக்கு வெட்டித் துண்டு போட்டு வைத்திருந்ததை வாங்கினேன். பார்க்க வெள்ளையாகத்தான் இருந்தது. வெந்நீர் ஊற்றியதும் அடுப்படியில் நிற்க முடியவில்லை. இஞ்சி, பூண்டு, மிளகு எதைக் கொட்டியும் போகாது என்று தெரியும், அப்படியே கொட்டிவிட்டேன். அதற்குப் பிறகு தோலோடு முழு மீனாகக் கண்ணில் படாமல் சுறா வாங்குவதில்லை. "காலையில கரைக்கு வந்தது தாயி" என்று மீன்காரம்மா சொன்னாலும் செவுளுக்குப் பக்கத்தில் மூக்கை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் காசு கொடுப்பேன்.

நாலு பேருக்கு அரைக் கிலோ சுறா. தோல் உப்புத்தாள் மாதிரி சொரசொரவென்று இருக்கும். மஞ்சள்தூளும் உப்பும் போட்ட தண்ணீரில் பத்து நிமிடம் வேகவைத்தால் தோல் கையோடு உரிந்துவிடும். நடுவில் இருப்பதும் முள் இல்லை, குருத்தெலும்பு. அதையும் எடுத்துவிட்டுச் சதையை உதிர்க்க வேண்டும்.

அயித்தை இந்த இடத்தில் ஒரு வேலை செய்வார். உதிர்த்த சதையை வெள்ளைத் துணியில் வைத்து முடிச்சுப் போட்டு, இரண்டு கையாலும் முறுக்கிப் பிழிவார். கலங்கிய தண்ணீர் சொட்டுச் சொட்டாக நின்ற பிறகும் இன்னொரு முறுக்கு. துணியை விரித்து உதறினால் சதை பொலபொலவென்று விழ வேண்டும். கட்டியாக விழுந்தால் திரும்பவும் துணிக்குள் போகும். புட்டு என்ற பெயருக்கு இந்தப் பிழிவுதான் காரணம். இதைச் செய்யாமல் வதக்குகிறவர்களின் சுறாப்புட்டு, மீன் கூட்டு மாதிரி ஈரமாக நிற்கும்.

அப்புறம் சுலபம். எண்ணெயில் சோம்பு, கறிவேப்பிலை, பொடியாக அரிந்த சின்ன வெங்காயம் 200 கிராம், தட்டிய பூண்டு 15 பல், விரல் நீள இஞ்சி, பச்சை மிளகாய் 4. பூண்டைக் குறைக்க வேண்டாம்; இந்தக் கறியில் மீனுக்கு அடுத்த பங்கு அதற்குத்தான். வெங்காயம் பொன்னிறமாகும் முன்பே சதையைப் போட்டுச் சிறு தீயில் கிளறி, ஈரம் போனதும் ஒரு தேக்கரண்டி மிளகுத்தூள், மூன்று மேசைக்கரண்டி தேங்காய்த் துருவல் சேர்த்து இறக்கலாம். மீன் கழுவுவது முதல் முடிக்க ஐம்பது நிமிடம் ஆகும்.

இது ரசத்துக்கென்றே பிறந்தது. உலர்ந்த பண்டம், காரம் மெதுவானது, தேங்காயின் இனிப்பு உண்டு. புளிப்பும் நீருமாக இருக்கிற ரசச் சோற்றில் இதைக் கலந்து பிசைந்தால் ஒவ்வொரு வாயிலும் மீன் இருக்கும். மீன் குழம்போடு வைத்தால் எடுபடாது. குழம்பு இதை விழுங்கிவிடும். முள் இல்லாததால் பல் இல்லாத கிழவியும் பயமில்லாமல் சாப்பிடலாம். இதில் கருவாடு பக்கத்தில்கூட வர முடியாது.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பால் சுறா என்ற சிறிய வகைச் சுறாவைக் கொடுத்தால் தாய்க்குப் பால் ஊறும் என்று பிள்ளை பெற்றவர்களுக்கு இதை விடாமல் கொடுப்பது எங்கள் கரையில் வழக்கம். எனக்கும் கொடுத்தார்கள். ஆனால் மற்ற மீனைத் தின்று வாழும் சுறாவின் உடம்பில் பாதரசம் சேருகிறது. கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் சிறு பிள்ளைகளும் சுறாவைத் தவிர்க்க வேண்டும் என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் சொல்கிறது. சிறிய சுறாவில் பெரியதைவிடக் குறைவாகவே இருக்கும் என்றாலும், என் மகள் பிள்ளை பெற்றால் நான் சுறா கொடுக்கப் போவதில்லை. பத்தியத்துக்கு வேறு மீன் இல்லாமலா போய்விட்டது! வீட்டில் மற்றவர்களுக்கும் மாதம் ஒரு முறைக்கு மேல் செய்வதில்லை. சுறா மற்ற மீன் மாதிரி லட்சக்கணக்கில் முட்டையிட்டுப் பெருகுவதில்லை, கொஞ்சம் குட்டிகள்தான். திமிங்கலச் சுறா உட்படச் சில இனங்களைப் பிடிப்பதும் விற்பதும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பெயர் தெரியாத சுறாவைத் துண்டுகளாக வாங்காமல் இருக்க இதுவும் ஒரு காரணம்.

நெத்திலிக் கருவாட்டு வதக்கல்

செலவு என்று பார்த்தால் போட்டியே இல்லை. 100 கிராம் நெத்திலிக் கருவாடு நாலு பேருக்குத் தாராளம். சுறாவில் தோலும் குருத்தும் போய் மிஞ்சுவதைக் கணக்குப் போட்டால் இன்னும் வித்தியாசம் தெரியும். நேரமும் பாதிதான், ஊறவைப்பதையும் சேர்த்து இருபத்தைந்து நிமிடம்.

கருவாடு வாங்கும்போது மூன்று விஷயம் பார்ப்பேன். வளைத்தால் சடக்கென்று ஒடிய வேண்டும். வளைந்தால் ஈரம் இருக்கிறது, டப்பாவில் போட்ட ஒரு வாரத்தில் பூஞ்சை வரும். நிறம் வெள்ளியாகவோ லேசான மஞ்சளாகவோ இருக்கலாம், ஆனால் இளஞ்சிவப்பு ஓடியிருக்கக் கூடாது. உப்பில் வளரும் ஒரு வகை பாக்டீரியாவின் நிறம் அது. கடைசியாக, ஒரு கை அள்ளித் தாளில் தட்டிப் பார்க்க வேண்டும். தரையில் கொட்டிக் காயவைத்ததில் மணல் உதிரும், வலை விரித்துக் காயவைத்ததில் உதிராது. விலை கொஞ்சம் கூட இருந்தாலும் வலையில் காய்ந்ததே மேல்.

தலையைக் கிள்ளினால் குடலும் கூடவே வந்துவிடும். வெந்நீரில் ஐந்து நிமிடம் ஊறவைத்து, மணல் அடியில் தங்கும்படி மீனை மட்டும் அள்ளி அள்ளி வேறு பாத்திரத்துக்கு மாற்ற வேண்டும். தண்ணீரைச் சாய்த்து வடித்தால் மணலும் கூடவே வரும். மூன்று தண்ணீர் போதும்.

நல்லெண்ணெய் நாலு மேசைக்கரண்டி. கடுகு, கறிவேப்பிலை, சின்ன வெங்காயம் 200 கிராம், பூண்டு 10 பல், இரண்டு தக்காளி. எல்லாம் குழைந்ததும் மிளகாய்த்தூள், நெல்லிக்காய் அளவுப் புளியின் கரைசல். எண்ணெய் பிரிந்த பிறகுதான் கருவாடு. மேலும் ஐந்து நிமிடம் வதக்கி, ருசி பார்த்து, தேவைப்பட்டால் மட்டும் உப்பு. புதிதாகச் செய்பவர்கள் கெடுக்கும் இடம் இதுதான். வழக்கம்போல் வெங்காயத்தோடு உப்பைப் போட்டுவிடுவார்கள். கருவாட்டின் உப்பும் சேர்ந்து வாயில் வைக்க முடியாமல் போகும்.

மிளகாய்த்தூள் எது என்பது இங்கே முக்கியம். எங்கள் மாவட்டத்து முண்டு மிளகாய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பேச்சில் குண்டு மிளகாய்தான். கம்பு, நெல் மாதிரி இதுவும் முதுகுளத்தூர், கமுதிப் பக்கம் மானாவாரியில் வருவது. சிறு இலந்தைப் பழம் மாதிரி உருண்டையாக, கருஞ்சிவப்பாக இருக்கும். காதருகே குலுக்கினால் விதை சத்தம் கேட்கும். நீட்டு மிளகாயின் சுரீர் காரம் இதில் இல்லை. நிறமும் மணமும்தான் கூடுதல். அதனால் ஒன்றரைத் தேக்கரண்டி தைரியமாகப் போடலாம், வதக்கல் சிவந்து வரும், நாக்கு எரியாது. சுறாப்புட்டில் இந்த மிளகாய்க்கு வேலை இல்லை, அங்கே மிளகும் பச்சை மிளகாயும்தான். ராமநாதபுரத்து ருசி என்று ஒருவருக்கு ஒரே ஒரு கறி செய்து காட்டச் சொன்னால், இந்த மிளகாய்க்காகவே நான் கருவாட்டைத்தான் செய்வேன்.

பழைய கஞ்சிக்கும் கம்பங்கூழுக்கும் இதற்கு இணை கிடையாது. கஞ்சி சப்பென்று குளிர்ச்சியாக இருக்கும். உப்பும் புளியும் எண்ணெயும் தூக்கலாக உள்ள ஒன்றைத்தான் அது கேட்கும். ஒரு வாய்க் கஞ்சிக்கு விரல் நுனியில் ஒட்டுகிற அளவு போதும். ரசச் சோற்றுக்கு இதைத் தொட்டால் புளிமேல் புளி. எனக்கு அது பிடிப்பதில்லை, என் வீட்டுக்காரர் ஒத்துக்கொள்ள மாட்டார்.

பிறகு, இது கெடாமல் நிற்கும். புளியும் எண்ணெயும் இருப்பதால் ஃபிரிட்ஜில் மூன்று நாள் வைக்கலாம், இரண்டாம் நாள்தான் ருசி ஏறும். சுறாப்புட்டு தேங்காய் போட்டது. அன்றே தீர்த்துவிட வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. நாட்டுப்படகு மீன் வரும், ஆனால் விலையைக் கேட்டாலே திரும்பி வரத் தோன்றும். அந்த இரண்டு மாதமும் வீட்டைக் காப்பாற்றுவது பங்குனி வெயிலில் காய்ந்த கருவாடுதான்.

குறையும் உண்டு. வாசனை. வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு இதனால் வருகிற மனக்கஷ்டம் எனக்குத் தெரியும். காய்ந்த கருவாட்டை நேராக எண்ணெயில் பொரிக்கும்போதுதான் தெரு முழுக்க மணக்கும். ஊறவைத்து, புளி கொதித்த பிறகு போட்டால் பாதிகூட இராது. இரத்த அழுத்தம் உள்ளவர்கள் உப்புக்காகத் தள்ளி நிற்பது நல்லது. அவர்களுக்குச் சுறாப்புட்டே பொருத்தம்.

இரண்டும் இல்லாத நாளில்

கணவாயை இந்த இரண்டோடு சேர்த்துப் பேசுவார்கள். ஊசிக் கணவாயை மிளகு போட்டு வறுத்தால் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அது நேரக்கணக்கு தவறாதவர்களுக்கு. பெரிய தீயில் மூன்று நிமிடத்தில் இறக்க வேண்டும், அல்லது மூடி போட்டு அரை மணி நேரம் வேகவிட வேண்டும். நடுவில் எங்கே நிறுத்தினாலும் ரப்பர். தினச் சமையலுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மாசிச் சம்பல் வேறு மாதிரி. மாசி என்பது சூரை மீனை வேகவைத்து, புகை காட்டி, விறகுக்கட்டை மாதிரி காயவைத்தது, மாலத்தீவுப் பண்டம். கையளவு துண்டு இருந்தால் உரலில் இடித்து, வறுத்த குண்டு மிளகாய் ஐந்து, சின்ன வெங்காயம் எட்டு, அரை மூடித் தேங்காய், உப்பு சேர்த்து இடித்து, எலுமிச்சை பிழிந்தால் முடிந்தது. அடுப்பில் மிளகாய் வறுக்கும் நேரம் மட்டும்தான். வெறும் சோறு, இடியாப்பம், தோசை எதற்கும் சேரும். மிக்ஸியில் அரைத்தால் சட்னியாகிவிடும். உரல் இல்லாதவர்கள் தண்ணீர் விடாமல் விட்டு விட்டு ஓட்டினால் ஓரளவு சரியாக வரும். மாசி இல்லாவிட்டால் வறுத்த நெத்திலிக் கருவாட்டைப் பொடித்துப் போடலாம். ஆக, கருவாட்டு டப்பா காலியாகாமல் இருந்தால் இதுவும் கையில் இருக்கிற மாதிரிதான்.

புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்கள் கருவாட்டிலிருந்து தொடங்கலாம். அதில் தப்பினால் போவது 100 கிராம்தான். சுறாவில் தப்பினால் அன்றைய மீன் காசு முழுக்கப் போகும். சுறாப்புட்டைப் பக்கத்தில் செய்யத் தெரிந்தவர் ஒருவர் இருக்கும்போது ஒரு முறை துணியைப் பிடித்துப் பார்த்துப் பழகிக்கொள்வது நல்லது. எவ்வளவு பிழிய வேண்டும் என்பது எழுதி வராது, கைதான் சொல்லும்.

கருவாட்டின் பக்கம் நான் சாய்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. வதக்கலைக் கிண்ணத்துக்கு மாற்றிய பிறகு அம்மா மண்சட்டியைக் கழுவப் போட மாட்டார். சூடு ஆறும் முன் இரண்டு கைச் சோற்றை அதில் போட்டு, ஓரத்தில் ஒட்டிய மசாலாவையெல்லாம் சுரண்டிப் பிசைந்து, சுற்றி உட்கார்ந்த பிள்ளைகள் கையில் ஆளுக்கு ஓர் உருண்டை வைப்பார். சுறாப்புட்டுச் சட்டியில் அது கிடைக்காது. உலர்ந்த பண்டம், சட்டியில் எதுவும் ஒட்டுவதில்லை.