ஜாலான் பசார் டைமிங் லைட்: எதைக் காட்டும், எதைக் காட்டாது

கோலாலம்பூர் புடு, ஜாலான் பசார் பக்கம் கருவிக் கடைகளில் வாங்கும் சாதாரண செனான் டைமிங் லைட்தான். துப்பாக்கி வடிவம், பேட்டரிக்கு இரண்டு கிளிப், பிளக் வயரைக் கவ்வ ஒரு கிளாம்ப். அந்த வயரில் நெருப்பு போகும்போதெல்லாம் லைட் மின்னி, சுற்றும் புல்லியில் உள்ள டைமிங் கோட்டை நின்றது போலக் காட்டும். பீட்டில் காருக்கு இது தாராளம். அதே வோக்ஸ்வேகன் எஞ்சினை விமானத்துக்கு மாற்றியவர் ஃபயரிங் ஆர்டர், அதாவது சிலிண்டர்கள் வெடிக்கும் வரிசை, பார்க்க இதை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவார்.

ஆர்டர் 1-4-3-2. 1 வெடித்து 3 வெடிப்பதற்குள் கிராங்க் ஒரு முழுச் சுற்று, 360 டிகிரி, போயிருக்கும். ஆகவே அந்த இரண்டு வயரும் இடம் மாறியிருந்தாலும் புல்லிக் கோடு அதே இடத்தில்தான் மின்னும். 2, 4 வயர்களும் அப்படியே. 1-ம் 4-ம் போல அடுத்தடுத்து வெடிப்பவை மாறினால்தான் கோடு எதிர்ப்பக்கம் போய்க் காட்டிக்கொடுக்கும்.

ஆர்டர் பார்க்கக் கட்டைவிரலே மேல். இக்னிஷனை அணைத்து, பிளக்குகளைக் கழற்றி, வயர்களை எர்த் செய்துவிட்டு, துளையை விரலால் மூடி எஞ்சினை ஓடும் திசையில் மெல்லச் சுற்றுங்கள். காற்று விரலைத் தள்ளினால் கம்ப்ரெஷன். கோட்டை நேருக்குக் கொண்டுவந்து, டிஸ்ட்ரிபியூட்டர் ரோட்டர் எந்த வயரைப் பார்க்கிறது என்று பாருங்கள். அரைச் சுற்றுக்கு ஒன்றாக நாலையும் பார்க்க வேண்டும்.

சிலிண்டர் எண்ணிலும் வழுக்கும். காரில் ஃபிளைவீல் முன்பக்கம்; 1 வலது முன். புரொப்பெல்லரைப் புல்லிப் பக்கம் மாட்டினால் எல்லாம் திரும்பிவிடும்: 1 பைலட்டுக்கு இடது பின், 2 இடது முன், 3 வலது பின், 4 வலது முன். லைகமிங் விமான எஞ்சினில் பழகிய கை வலது முன்னதையே 1 என்று எடுக்கும். அங்கே இருப்பதோ 4. ராக்கர் மூடியில் பெயிண்டால் எண் எழுதிவிடுங்கள்.

ஒரே இக்னிஷன் காயில் (coil) இரண்டு பிளக்குக்கு நெருப்பு தரும் வகையில் 1-ம் 3-ம் ஒரே ஜோடி, அவை மாறினாலும் எஞ்சின் ஓடும். லைட்டில் ஆர்பிஎம் மீட்டர் இருந்தால் அது இரட்டிப்பாகக் காட்டும். ஜோடியில் ஒரு வயருக்குக் கிளாம்ப் அம்பைத் திருப்பி மாட்டாவிட்டால் மின்னல் விட்டுவிட்டு வரும். பக்கத்து வயர் உரசினாலும் பொய்யாக மின்னும். மேக்னெட்டோவின் (பேட்டரி இல்லாமல் தானே நெருப்பு தரும் கருவி) ஷீல்டு போட்ட வயரில் பெரும்பாலும் மின்னவே மின்னாது. வெயிலில் கோடு தெரியாது. கூரைக்கடியில் வைத்து சாக்பீஸ் தடவுங்கள்.

பெரிய ஆபத்து வேறு. இந்த வெளிச்சத்தில் சுற்றும் புரொப்பெல்லர் நின்றுவிட்டது போலத் தெரியும், கோடு இருப்பதும் அதன் பின்னால். ஸ்டார்டரில் சுற்றிப் பார்ப்பதென்றால் முதலில் புரொப்பெல்லரைக் கழற்றுங்கள், பெட்ரோல் வரத்தை அடைத்துவிடுங்கள். பிளக்குகளை வயரில் மாட்டி, துளைக்கு எட்ட வைத்து எர்த் செய்யுங்கள். துளையிலிருந்து வரும் பெட்ரோல் ஆவி பற்றிக்கொள்ளும். எர்த் இல்லாமல் விட்டால் எலக்ட்ரானிக் மாட்யூல் போய்விடும்.

லைட் தன் காசுக்கு வேலை செய்யும் இடமும் உண்டு. பழைய டிஸ்ட்ரிபியூட்டர் சிலவற்றில் 3 மட்டும் சில டிகிரி தாமதமாகப் பற்றும். ஆயில் கூலர் காற்றை மறைப்பதால் அந்த சிலிண்டர் சூடாகும் என்று தயாரிப்பிலேயே செய்தது. வயரை வயராகக் கவ்விப் பார்த்தால் அது பளிச்சென்று தெரியும், விரலுக்குத் தெரியாது.