கேரவன் இழுக்கும் யூட்டுக்குக் காற்றுப்பையா, கனமான பட்டையா?

சென்ற ஆண்டு மார்ச் மாதத்தில், மெல்பர்னில் எங்கள் வீட்டு வாசலில், இசுசு டி-மேக்ஸ் யூட்டின் (பின்னால் தொட்டியுள்ள பிக்கப் வண்டி) பின்னால் முதன்முறையாகக் கேரவனை, அதாவது இழுத்துச் செல்லும் சக்கர வீட்டை, மாட்டிவிட்டுப் பத்தடி தள்ளி நின்று பார்த்தேன். வண்டி பின்புறம் அமுங்கி, மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது. டேப்பை வைத்து அளந்ததில் பின்சக்கர வளைவு 65 மில்லிமீட்டர் இறங்கியிருந்தது. முன்சக்கர வளைவு 20 மில்லிமீட்டர் ஏறியிருந்தது. இதைச் சரிசெய்ய என் முன்னே மூன்று வழிகள் இருந்தன: பின் அச்சின்மேல் காற்றுப்பை (சுமை தாங்கும் காற்றடைத்த ரப்பர்ப் பை) வைப்பது, தொழிற்சாலையிலிருந்து வந்த ஸ்பிரிங் பட்டைகளைக் கழற்றிவிட்டுக் கனமான பட்டைகளை ஷாக் அப்சார்பரோடு சேர்த்து மாற்றுவது, அல்லது எடையைப் பிரித்தனுப்பும் இணைப்பி ஒன்றை வாங்குவது. நான் இரண்டாவதைத் தேர்ந்தேன். எனவே இதை நடுநிலையான தீர்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

விலையை முதலிலேயே சொல்லி முடித்துவிடுகிறேன். என்னிடம் சொல்லப்பட்ட விலைகள், பொருத்தும் கூலியோடு, காற்றுப்பைக்கு 800 டாலர், பட்டையும் நான்கு ஷாக்கும் சேர்த்து 2400 டாலர், எடை பிரிக்கும் இணைப்பிக்கு 900 டாலர். பணம் மட்டுமே அளவுகோல் என்றால் காற்றுப்பைக்கு எதிராகப் பேச எதுவும் இல்லை.

எடைக் கணக்கைப் பார்க்காமல் இவற்றை ஒப்பிடுவதில் பயனில்லை. எங்கள் கேரவனின் ஏடிஎம், அதாவது சாமான், தண்ணீர் எல்லாம் ஏற்றிய பிறகு அது இருக்கலாம் என்று அனுமதிக்கப்பட்ட உச்ச எடை (வங்கி ஏடிஎம்மை நினைத்துக்கொள்ள வேண்டாம்), 2500 கிலோ. அதில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு, 250 கிலோ, யூட்டின் டோபாலின்மேல், அதாவது கேரவனை மாட்டும் பின்பக்க உருண்டையின்மேல், உட்காருகிறது. பின் அச்சுக்கு 1.25 மீட்டர் பின்னால் டோபால் இருக்கிறது. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 3.125 மீட்டர் தூரம். ஆகவே டோபாலின்மேல் விழும் 250 கிலோ, பின் அச்சைத் தாங்குபுள்ளியாகக் கொண்ட நெம்புகோலைப் போல, முன் அச்சிலிருந்து 100 கிலோவைத் தூக்கியெடுத்துப் பின் அச்சில் மொத்தம் 350 கிலோவை ஏற்றுகிறது. எடைமேடையில் நிறுத்திப் பார்த்தபோதும் கணக்கு ஏறத்தாழ இதுவே வந்தது: கேரவன் இல்லாமல், குடும்பத்தோடு, முன்னால் 1290, பின்னால் 1270, மாட்டிய பிறகு 1190, 1620.

இந்த நூறு கிலோவை முன் அச்சுக்குத் திருப்பிக் கொடுக்கும் வல்லமை எடை பிரிக்கும் இணைப்பிக்கு மட்டுமே உண்டு. அதன் இரண்டு எஃகுக் கம்பிகள் முறுக்கேறி, டோபாலின் சுமையில் ஒரு பகுதியை முன் அச்சுக்கும் இன்னொரு பகுதியைக் கேரவனின் அச்சுகளுக்கும் தள்ளுகின்றன. காற்றுப்பையும் கனமான பட்டையும் வண்டியின் பின்புறத்தை உயர்த்துமே தவிர, இந்த நெம்புகோல் கணக்கில் ஒரு கிலோவைக்கூட மாற்றா. வண்டி மட்டமாக நின்றால் எடையும் மட்டமாகிவிட்டது என்று நம்புகிறவர்கள் நிறையப் பேர். பட்டறைக்குப் போகும் வரை நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். தார்ச்சாலையில் மட்டுமே போகிறவர், முன்சக்கரம் லேசாகி ஸ்டியரிங் மிதப்பதை உணர்கிறவர், மற்ற இரண்டையும் விட்டுவிட்டு இந்த இணைப்பியையே முதலில் வாங்க வேண்டும். நான் வாங்காததற்குக் காரணம் எங்கள் பயணங்கள். ஆண்டுக்கு இரண்டு முறையாவது மண்சாலையில் போகிறோம். ஆழமான ஓடைப் பள்ளங்களில் இந்தக் கம்பிகளைக் கழற்றிவிட வேண்டும். எங்கள் கேரவனில் இருக்கும் மண்சாலை இணைப்பியோடும் அது பொருந்தவில்லை. முன் அச்சில் 1190 கிலோ மிஞ்சியிருப்பது எங்களுக்குப் போதுமானதாக இருக்கிறது.

மிச்சம் இருப்பது காற்றுப்பையும் பட்டையும். என் முடிவைத் தீர்மானித்தது ஒரே ஒரு கேள்வி: சுமை வண்டியின் அடிச்சட்டத்துக்குள் (சேஸிஸ்) எந்த இடத்தில் இறங்குகிறது?

யூட்டின் அடியில் படுத்துப் பார்த்தால் இது எளிதில் விளங்கும். நாமக்கல்லில் லாரி ஓட்டிய என் பெரியப்பா கமான் பட்டை என்று சொல்வாரே, அதே அமைப்புதான். வளைந்த எஃகுப் பட்டைகளின் அடுக்கு ஒன்று நடுவில் யூ போல்ட்டுகளால் அச்சோடு கட்டப்பட்டிருக்கும். அதன் முன்முனை ஓர் ஊசியிலும் பின்முனை ஷேக்கிள் என்ற ஆடும் இணைப்பிலும் சட்டத்தைப் பிடித்திருக்கும். அச்சு மேல்நோக்கித் தரும் தாங்குதல் இந்த இரண்டு முனைகளின் வழியாக, ஒன்றேகால் மீட்டருக்கும் அதிகமான இடைவெளியில் பிரிந்து, சட்டத்துக்குப் போய்ச் சேருகிறது. என் வண்டியில் பின் ஷேக்கிளிலிருந்து டோபால் வரை 60 சென்டிமீட்டர்தான். வால்பக்கம் தொங்கும் சுமையைப் பக்கத்திலேயே ஒரு கை தாங்குகிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

காற்றுப்பை அப்படி வேலை செய்வதில்லை. ரப்பர் முட்டு இருந்த இடத்தில், அச்சுக்கு நேர் மேலே, சட்டத்தின் அடிப்பகுதியில் உள்ளங்கையளவு இடத்தில் அது முட்டிக்கொண்டு நிற்கிறது. அதில் எவ்வளவு காற்றை ஏற்றுகிறோமோ அவ்வளவு சுமை பட்டையின் இரு முனைகளையும் விட்டு விலகி அந்த ஒரே இடத்துக்கு வருகிறது. அப்போது டோபாலுக்கும் தாங்கும் இடத்துக்கும் இடையே உள்ள தூரம் 60 சென்டிமீட்டரிலிருந்து 125 சென்டிமீட்டரை நோக்கி நீள்கிறது. நின்ற இடத்தில் இதனால் ஒன்றும் ஆகாது. ஆனால் மண்சாலையில் 80 கிலோமீட்டர் வேகத்தில் எதிர்பாராத பள்ளம் ஒன்றில் விழுந்து எழும்போது, டோபாலின் 250 கிலோ அந்த நொடியில் பல மடங்காகி வாலைக் கீழே இழுக்கிறது; காற்றுப்பையோ நடுவில் மேல்நோக்கிக் குத்துகிறது. முழங்காலில் வைத்துக் குச்சியை ஒடிப்பதும் இதே வேலைதான். யூட்டுகளின் சட்டம் கேபினுக்கும் பின்தொட்டிக்கும் இடையில் வளைந்து, அந்த இடைவெளி மேலே விரிந்தும் கீழே நெருங்கியும் நிற்கும் படங்களை ஆஸ்திரேலியாவின் உட்பகுதிகளுக்குப் பயணம் போகிறவர்கள் பார்த்திருப்பார்கள்.

காற்றுப்பை பொருத்திய யூட்டெல்லாம் வளைந்துவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. வளைந்தவற்றில் பெரும்பாலும் அளவுக்கு மீறிய சுமையும், சாமான் முழுவதையும் அச்சுக்குப் பின்னால் அடுக்கிய பழக்கமும், வேகமும் சேர்ந்தே இருந்திருக்கும். அந்தத் தவறுகளைச் செய்தால் கனமான பட்டை போட்ட யூட்டும் வளையும். ஆனால் மூன்று தவறுகளில் ஒன்று என்னையறியாமல் நடந்துவிட்டால், மன்னிக்கும் இடைவெளி எதில் அதிகம் என்று பார்த்தேன். அது பட்டையில்தான் இருந்தது.

பராமரிப்பு அடுத்தது. மைத்துனரின் யூட்டில் காற்றுப்பை இருந்தது. மில்டியூராவிலிருந்து மங்கோ தேசியப் பூங்காவுக்குப் போகும் நூறு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட பாதையில் பெரும்பகுதி மண். வெயிலில் காய்ந்தால் துவைக்கும் பலகையைப் போல வரிவரியாகக் கிடக்கும். அவருடைய சிறிய டிரெய்லரை இழுத்துக்கொண்டு திரும்பி வந்தபோது நான்தான் ஓட்டினேன். பொழுது சாய்ந்த நேரத்தில் எதிரே வந்த இரண்டு வண்டிகள் அடுத்தடுத்து எங்களை நோக்கி விளக்கை அடித்துக் காட்டின. "மாமா, பின்னாடி உட்கார்ந்துட்ட மாதிரி இருக்கு" என்றார் அவர். இறங்கிப் பார்த்தால் இடப்பக்கப் பை அப்பளம் போல் சப்பையாகக் கிடந்தது. எங்கள் முகப்பு விளக்கு மரக்கிளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தது. பொருத்தியவர் காற்றுக் குழாயைப் புகைக்குழாய்க்கு அருகே ஒரே ஒரு பிளாஸ்டிக் கட்டால் கட்டியிருந்தார். கட்டு அறுந்து, குழாய் உருகி, ஓட்டை விழுந்திருந்தது. வலப்பக்கப் பையிலிருந்தும் காற்றை இறக்கிவிட்டு, வேகத்தைக் குறைத்து, கங்காருகளுக்குப் பயந்தபடியே மில்டியூரா போய்ச் சேர்ந்தோம். பைமேல் தவறில்லை, பொருத்தியதில்தான் தவறு என்று மைத்துனர் இன்றும் வாதிடுகிறார். அவர் சொல்வது சரிதான். ஆனால் பட்டையில் உருகுவதற்குக் குழாயே இல்லை.

காற்றுப்பையையே தேர்ந்தெடுப்பவர்களுக்கு அந்தப் பயணத்தில் கற்ற இரண்டைச் சொல்லிவிடுகிறேன். சுமை இல்லாதபோதும் பையில் குறைந்தது 5 பிஎஸ்ஐ காற்று இருக்க வேண்டும். வெறும் பை மடிந்து உராய்ந்து கிழியும். இரண்டு பைகளையும் ஒரே குழாயில் சேர்க்காமல் தனித்தனி வால்வு வைக்க வேண்டும்; சேர்த்தால், வளைவில் அமுங்கும் பையின் காற்று எதிர்ப்பக்கப் பைக்கு ஓடி, வண்டி இன்னும் சாயும்.

பட்டைக்கும் கவனிப்பு உண்டு. முதல் 1000 கிலோமீட்டர் முடிந்ததும் யூ போல்ட்டுகளை மறுபடியும் முறுக்க வேண்டும். என் வண்டியில் எட்டு நட்டுகளில் மூன்று கால் சுற்று இறங்கின. இதை விட்டிருந்தால் அச்சு நகர்ந்திருக்கும். ஷேக்கிள் புஷ்களுக்கு கிரீஸ் அடிக்க வேண்டும், இல்லையென்றால் கிரீச்சிடும். பட்டையை மாற்றும்போது ஷாக்கையும் மாற்றிவிடுவது நல்லது. பழைய ஷாக் புதிய பட்டையின் துள்ளலை அடக்க முடியாமல், கேரவனும் வண்டியும் மாறி மாறித் தலையாட்டும். காற்றுப்பையில் அழுத்தத்தைக் கூட்டினாலும் இதே தலையாட்டல் வரும். பை விற்பவர்கள் இதை அதிகம் பேசுவதில்லை.

கனமான பட்டையின் உண்மையான குறை, வெறும் வண்டியாக ஓடும் நாள்களில் தெரியும். கேரவன் ஆண்டுக்கு ஆறு வாரம் மாட்டப்படுகிறது. மற்ற நாள்களில் இதே வண்டி பள்ளிக்கும் காய்கறிக் கடைக்கும் போகிறது. காற்றுப்பை என்றால் காற்றை இறக்கிவிட்டு மெத்தென்று போகலாம். பட்டையை அப்படி இறக்க முடியாது. இதனால்தான் பட்டறையில் இழுக்கும் உச்சச் சுமையைச் சொல்லாமல், வண்டியில் எப்போதும் இருக்கும் சுமையைச் சொல்லிப் பட்டை கேட்க வேண்டும். எங்கள் யூட்டின் பின்தொட்டிமேல் கூண்டும், உள்ளே குளிர்பெட்டியும் இழுப்பறையும் நிரந்தரமாக இருக்கின்றன. மொத்தம் ஏறத்தாழ 200 கிலோ. 500 கிலோ பட்டையே வேண்டும் என்று போன என்னிடம், 300 கிலோ பட்டையே போதும் என்று பட்டறைக்காரர் சொன்னது நல்ல யோசனை. இப்போதும் வேகத்தடையில் பின்னிருக்கையில் உட்காரும் அம்மா "எலும்பு எண்ணிக்கை சரியா இருக்கானு பாத்துக்கணும்" என்று சொல்லத்தான் செய்கிறார். தொட்டி காலியாகவே ஓடும் யூட்டாக இருந்தால், இந்த ஒரு காரணத்துக்காகவே என் முடிவு மாறியிருக்கும்.

பிராடோ, எம்யூ-எக்ஸ் போல் பின்னால் சுருள் ஸ்பிரிங் உள்ள எஸ்யூவிகளுக்கு, நான் மேலே நீட்டி முழக்கிய அடிச்சட்ட வாதம் பொருந்தாது. அங்கே காற்றுப்பை சுருளுக்குள்ளேயே உட்காருகிறது. சுருள் தாங்கிய அதே இடத்தில்தான் பையும் தாங்குகிறது. சுருள் வண்டியில் கேரவன் இழுத்த அனுபவம் எனக்கு ஒரு வாரயிறுதிதான். இருந்தாலும், எனக்கு பிராடோ இருந்து, ஆண்டில் சில வாரங்கள் மட்டும் இழுப்பதாக இருந்தால், 800 டாலர் வழியையே எடுத்திருப்பேன்.

எதை மாட்டினாலும் வண்டியின் ஜிவிஎம், அதாவது ஆளும் சாமானும் ஏற்றிய பிறகு வண்டிக்கு அனுமதிக்கப்பட்ட உச்ச எடை, மாறாது. எங்கள் டி-மேக்ஸுக்கு அது 3100 கிலோ. டோபாலின்மேல் உட்காரும் 250 கிலோவும் அந்தக் கணக்கில்தான் சேரும். பிரேக் உள்ள டிரெய்லரில் 3500 கிலோ வரை இழுக்கலாம் என்பதால், 3100-ஐயும் 3500-ஐயும் ஒரே நேரத்தில் நிரப்பிவிடலாம் என்று எண்ண வேண்டாம்; வண்டியும் டிரெய்லரும் சேர்ந்த கூட்டு எடை வரம்பு இவ்விரண்டின் கூட்டுத்தொகையைவிடக் குறைவு. வரம்பைச் சட்டப்படி உயர்த்த வேண்டுமானால், சான்றளிக்கப்பட்ட ஜிவிஎம் தொகுப்பு தேவை. புது வண்டியாக இருந்தால் அதைப் பதிவுக்கு முன்பே செய்துகொள்வது எளிது. பதிவுக்குப் பிறகு மாநிலத்துக்கு மாநிலம் நடைமுறை வேறுபடும்.

பட்டை போட்டுப் பதினான்கு மாதமும் 19,000 கிலோமீட்டரும் ஆகின்றன. அதில் கேரவனோடு ஓடியது ஏழாயிரம். மாட்டியதும் பின்புறம் இப்போது 30 மில்லிமீட்டர் மட்டும் இறங்குகிறது. பட்டைகள் நாளடைவில் தொய்வது வழக்கம். ஆகவே வெறும் வண்டியின் சக்கர வளைவு உயரத்தைச் சமதளத்தில் அளந்து, கையேட்டின் உள்ளட்டையில் பென்சிலால் குறித்து வைத்திருக்கிறேன். டிசம்பரில் மறுபடி அளக்க வேண்டும்.