மூன்று வார விடுப்பும் ஒரு தோள்பட்டையும்

ஊருக்குக் கிளம்புமுன் ஒரு பட்டியல் போட்டுக்கொள்வேன். பல், கண், ரத்தப் பரிசோதனை, அம்மாவின் வங்கி வேலை. இந்த முறை முதல் வரியில் வலது தோள்பட்டை வந்து உட்கார்ந்துகொண்டது.

ஒன்றரை வருஷமாக இருக்கும் வலி. தோளின் முன்பக்கம், மூட்டுக்குள்ளேயே யாரோ கட்டைவிரலை வைத்து அழுத்திக்கொண்டிருப்பது மாதிரி. வாரத்துக்கு இரண்டு நாள் அதே பக்க நெற்றிப்பொட்டில் தலைவலி. நான் இருக்கும் நாட்டில் டாக்டரிடம் பரிந்துரைக் கடிதம் வாங்கி, மாதக்கணக்கில் காத்திருந்து, கடைசியில் கிடைத்தது இருபது நிமிடமும் ஒரு தாளில் நாலு படமும்தான். ஸ்கேனில் ஒன்றும் இல்லை, சந்தோஷப்படுங்கள் என்றார்கள். வலிக்கிறவளுக்கு அது பாதிச் சந்தோஷம்.

ஊரில் முதலில் போன இடத்தைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லிவிடுகிறேன். பெயர் வேண்டாம். உள்ளே போனதும் "எங்கே வலி?" என்று ஒரு கேள்வி. தோளைக் காட்டினேன். காட்டிய இடத்தில் நாலு பட்டையை ஒட்டி 15 நிமிடம் மின்சாரம் ஓடவிட்டார்கள். பிறகு ஜெல் தடவி அல்ட்ராசவுண்ட். பத்து நாள் பேக்கேஜ், பணம் முன்கூட்டியே. மூன்று நாள் போனேன். படுத்திருக்கும்வரை இதமாக இருந்தது, வீடு வந்து சேர்வதற்குள் பழைய வலி எனக்கு முன்னால் வந்து காத்திருந்தது. மூன்று நாளில் ஒருவர்கூட என் தோளைத் தொட்டுப் பார்க்கவில்லை. மின் தூண்டல் கொஞ்ச நேரத்துக்கு வலியை மங்கச் செய்யும், அதைக் குறை சொல்லவில்லை. அதையே முழு சிகிச்சையாக விற்றதில்தான் எனக்கு மனத்தாங்கல். மீதி ஏழு நாளை விட்டுவிட்டேன்.

இரண்டாவது இடம் தோழியின் அக்கா சொன்னது. ஒற்றை அறை, ஒரே பிசியோதெரபிஸ்ட். முப்பது வயதுகூட இருக்காது, என்னை "அக்கா" என்றே கூப்பிட்டார். முதல் அரை மணி நேரம் கேள்விகள்தான். ராத்திரி வலியில் முழிப்பு வருகிறதா, காரணமில்லாமல் எடை குறைந்ததா, காய்ச்சல் உண்டா, கை மரத்துப் போகிறதா, பிடித்த பொருள் நழுவுகிறதா. இதில் ஏதாவது ஒன்றுக்கு 'ஆமாம்' என்றிருந்தால் முதலில் டாக்டரிடம் அனுப்பியிருப்பேன் என்றார். பிறகு தூக்கம், உட்காரும் விதம், கைப்பையை எந்தத் தோளில் மாட்டுகிறேன் என்பதுவரை. தைராய்டு, இரும்புச்சத்து, வைட்டமின் டி பார்த்தாயிற்றா என்றும் கேட்டார். அவை குறைந்திருந்தால் தசை வலி லேசில் விடாதாம்.

அப்புறம் குப்புறப் படுக்கச் சொன்னார். முதுகுப் பக்கம், தோள்பட்டை எலும்பின் நடுவில் விரல் நுனியால் குறுக்காக வருடிக்கொண்டே போனார். கிடார் கம்பி மாதிரி ஒன்று விரலுக்கடியில் உருள்வது எனக்கே தெரிந்தது. அந்தக் கம்பியில் ஒரு புள்ளியை அழுத்தினார். சுரீர் என்றது. அழுத்தியதோ பின்னால், வலித்ததோ முன்னால்! ஒன்றரை வருஷமாக நான் எல்லோருக்கும் காட்டிக்கொண்டிருந்த அதே இடம்.

"இதுதானே அக்கா உங்க வலி?"

"இதேதான். ஆனா நீங்க பின்னாடி இல்ல கை வச்சிருக்கீங்க?"

"வலிக்கிற இடம் வேற, வலியைக் கிளப்புற இடம் வேற."

அந்தத் தசைக்கு இன்ஃப்ராஸ்பைனேட்டஸ் என்று பெயர். அதில் எழும் வலி தோளின் முன்பக்கத்தில்தான் போய் உட்காருமாம். கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் மேடாக இருக்கும் ட்ரபீசியஸைக் கிள்ளிப் பிடித்தார், பொட்டுத் தலைவலி எட்டிப் பார்த்தது. முதல் இடத்தில் முன்தோளில் ஜெல் தடவியதை நினைத்துச் சிரிப்பு வந்தது.

இந்தப் புள்ளிகளைத்தான் ட்ரிகர் பாயிண்ட் என்கிறார்கள், பேச்சுவழக்கில் தசை முடிச்சு. நம் வீடுகளில் 'நரம்பு இழுத்திருச்சு' என்போமே, அதில் பாதி நரம்பே இல்லை, தசைதான். இவற்றை உடம்பு முழுக்கத் தேடி வரைபடமாக்கியவர் ஜேனட் ட்ராவல் என்ற அமெரிக்க மருத்துவர். 1961இல் கென்னடியின் வெள்ளை மாளிகை மருத்துவரானதும் இவர்தான். அவரோடு சேர்ந்து உழைத்த டேவிட் சைமன்ஸின் விளக்கம் இப்படிப் போகிறது: நரம்பு தசையைத் தொடும் இடத்தில் தசையைச் சுருங்கச் சொல்லும் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் அளவுக்கு மீறிக் கசிகிறது, அங்குள்ள இழைகள் சுருங்கியபடியே நின்றுவிடுகின்றன, சுருங்கிய இடத்தில் ரத்த ஓட்டம் குறைகிறது, வலியைத் தூண்டும் வேதிப்பொருள்கள் சேர்கின்றன. 2005இல் அமெரிக்காவில் மெல்லிய ஊசி வழியாகத் தசைக்குள்ளிருந்தே மாதிரி எடுத்துப் பார்த்தபோது வலிக்கும் புள்ளியில் அமிலத்தன்மையும் அத்தகைய பொருள்களும் கூடுதலாகவே இருந்தன. ஆனால் பார்த்தது சில பேரிடம் மட்டும்.

எதிர்க்கட்சியும் உண்டு என்பதை அந்தப் பெண்ணே சொன்னதுதான் எனக்குப் பிடித்தது. ஒரே தோளை இரண்டு தெரபிஸ்ட் தடவிப் பார்த்தால் ஒரே புள்ளியைக் காட்டுவார்கள் என்று உறுதியில்லை. இந்தக் கோட்பாடே நிற்காது என்று 2015இல் வாதக்கட்டுரையே வந்திருக்கிறது. "முடிச்சுன்னு ஒரு பேச்சுக்குச் சொல்றோம் அக்கா. உள்ளே கயிறு முடிச்சு மாதிரி எதுவும் இல்ல. மூணு மாசத்துக்கு மேல போன வலியில தசை பாதி, உஷாராகிப் போன நரம்பு மண்டலம் பாதி."

சிகிச்சைக்கு வருகிறேன். புள்ளியின் மேல் விரலை வைத்து மெல்ல அழுத்தத்தைக் கூட்டி அங்கேயே நிறுத்துவார். 'பத்துக்கு ஆறைத் தாண்டினா சொல்லிடுங்க.' அரை நிமிடம், ஒரு நிமிடம். வலி ஆறிலிருந்து மூன்றுக்கு இறங்குவது தெரியும், விரலுக்கடியில் வெண்ணெய் இளகுவது போல ஒரு உணர்வு. அடுத்து, கையை அவர் கைக்கு எதிராக மிக லேசாகத் தள்ளச் சொல்வார். எட்டு நொடி. மூச்சை விட்டுக்கொண்டே தளர்த்தினால் தோள் தானாக இன்னும் கொஞ்சம் தூரம் போகும். மூன்று நான்கு தடவை. இந்த முறையைப் பரப்பியவர்களில் முக்கியமானவர் செக் மருத்துவர் காரெல் லெவிட். மருந்தே இல்லாத வெறும் ஊசியும் தசை வலியைக் குறைக்கிறது என்று 1979இல் எழுதியவரும் அவரே.

அந்த ஊசி வைத்தியமும், அதாவது ட்ரை நீட்லிங்கும், என் தெரபிஸ்டிடம் உண்டு. மெல்லிய ஊசி புள்ளியில் பட்டதும் தசை மீன் துள்ளுவது போல ஒரு வெட்டு வெட்டும் என்றார். நான் கேட்டும் முதல் வாரத்தில் மறுத்துவிட்டார். தோள் மேட்டுக்குக் கீழே நுரையீரலின் உச்சி இருக்கிறது, பயிற்சி இல்லாத கை குத்தினால் காற்று கசிந்து ஆஸ்பத்திரி வாசலில் நிற்க வேண்டியதுதான். விரலிலேயே இளகுகிற தசைக்கு ஊசி எதற்கு என்பது அவர் கட்சி.

நடுவில் நான் ஒரு அசட்டுத்தனம் செய்தேன். வீட்டில் டென்னிஸ் பந்தைச் சுவருக்கும் தோளுக்கும் நடுவே வைத்துக் காட்டிய இடத்தில் சாயலாம், ஒரு நிமிடம் போதும் என்று சொல்லியிருந்தார். ஒரு நிமிடத்துக்கு இவ்வளவு சுகமென்றால் பத்து நிமிடத்துக்கு எவ்வளவு இருக்கும் என்று கணக்குப் போட்டேன். மறுநாள் கையைத் தூக்கவே முடியவில்லை, தோளில் நீலம் பாரித்திருந்தது. "காசு கொடுத்துப் போய் அடி வாங்கிட்டு வந்தியா?" என்றார் அம்மா. தெரபிஸ்ட் இரண்டு நாள் தொடாமல் விட்டார். கழுத்தின் முன்பக்கத்தில் பந்து, விரல் எதையும் வைக்கவே கூடாது, ரத்தக்குழாய் போகும் இடம் என்று அன்றைக்குத்தான் கண்டிப்பாகச் சொன்னார்.

நாலாவது தடவையிலிருந்து படுக்கைக்கே வேலையில்லை. மீள் பட்டை ஒன்றைக் கையில் கொடுத்து நிற்க வைத்துவிட்டார். இரண்டு கைகளையும் பக்கவாட்டில் தோள் உயரம் வரை தூக்கி இறக்குவது, முழங்கையை விலாவோடு ஒட்டிவைத்து முன்கையை வெளிப்பக்கம் திருப்புவது. எனக்கு ஏமாற்றமாக இருந்தது, உண்மையைச் சொன்னால். கை வைத்து அழுத்துவது எவ்வளவு சொகுசு! முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டார். டென்மார்க்கில் கழுத்தும் தோளும் வலிக்கிற 198 பேரை வைத்து நடத்திய சோதனையைச் சொன்னார். 2011இல் வெளிவந்தது. பத்து வாரம், இதே பட்டை. தினம் 12 நிமிடம் செய்தவர்களுக்கும் வெறும் 2 நிமிடம் செய்தவர்களுக்கும் வலி ஏறக்குறைய ஒரே அளவு குறைந்தது. "நான் அழுத்தினா ரெண்டு நாள் தாங்கும். தசைக்கு பலம் வந்தாத்தான் நீங்க ஊர் திரும்பினப்புறமும் நிக்கும்."

மொத்தம் ஆறு அமர்வு. முதல் வாரத்தையே பேக்கேஜில் தொலைக்காமல் இருந்திருந்தால் எட்டோ ஒன்பதோ கிடைத்திருக்கும். கடைசி வாரத்தில் போய் நிற்கிறவர்களும் உண்டு, அவர்களுக்கு அழுத்தம் கிடைக்கும், பட்டை வரை வந்து சேர மாட்டார்கள். கிளம்பும் அன்று கேட்டு வாங்கிய ஒரு பக்கக் குறிப்பில் எந்தத் தசை, எந்த அசைவு எத்தனை தடவை, எப்போது அடுத்த கனமான பட்டைக்கு மாறுவது, எந்த அறிகுறி வந்தால் நிறுத்துவது எல்லாம் இருந்தது.

திரும்பி வந்து எட்டு வாரம். தலைவலி மாதத்துக்கு ஒன்றாகிவிட்டது. முன்தோள் வலி போகவில்லை, பத்துக்கு ஆறாக இருந்தது இரண்டில் நிற்கிறது. நெடுநேரம் மடிக்கணினியில் குனிந்த நாளில் நாலுக்கு ஏறும். போன வாரம் இங்குள்ள பிசியோவிடம் அந்தக் குறிப்பைக் காட்டினேன். ட்ரிகர் பாயிண்ட் என்ற வரியில் புருவம் உயர்ந்தது, தனக்கு அதில் நம்பிக்கை இல்லை என்றார். உடற்பயிற்சிப் பகுதிக்கு வந்ததும் இரண்டு தடவை படித்துவிட்டு, இதில் மாற்ற ஒன்றும் இல்லை என்று அடுத்த நிறப் பட்டையை வெட்டிக் கையில் கொடுத்தார்.